மேலிருந்து கீழ் ஆறுச்சாமிக்கு

ஆறுச்சாமிக்குப் பாகப்பிரிவினையில் தென்னந்தோப்பின் கீழ்ப்பாதி கிடைத்தது. கிணற்றில் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் முறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வரும் இணைப்பில் குறுக்கெழுத்து இருக்கிறதல்லவா, அதில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் கிடைத்தன. இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் அண்ணன் சென்னிமலைக்குப் போயின. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். பின்னால் நேரம் இருக்காது.

கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் வலது கையில் ஒரு மண்பாதை பிரியும். அதன் கடைசியில் ஒரே களத்தில் இரண்டு வீடுகள், நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஆறுச்சாமியும் அவர் மனைவி கற்பகமும். அந்தப் பக்கம் சென்னிமலையும் அவர் மனைவி மருதாத்தாளும். பெண்கள் இருவரும் ஒருநாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. குழம்பு, கொத்தமல்லி, ஊர் வம்பு எல்லாம் சுவருக்கு மேலே போய்வந்துகொண்டுதான் இருந்தன. பேச்சை நிறுத்தியவர்கள் ஆண்கள் மட்டும்.

சண்டைக்குக் காரணம் கேட்டால் கேட்பவருக்கே வெட்கமாக இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நாள் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் வற்றிய பிறகும் சுவிட்சை அணைக்காமல் விட்டது யார்? அண்ணன் தம்பியைச் சொன்னார், தம்பி அண்ணனைச் சொன்னார். கரண்ட் ஏறி இறங்கியதில்தான் எரிந்தது என்று ரிப்பேர் பார்க்க வந்தவன் சொன்னான். அவன் பேச்சை யார் காதில் வாங்கினார்கள்? மோட்டார் சரியாகிவிட்டது, அண்ணன் தம்பி சரியாகவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தாய்மாமன் சின்னையன் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார். தோப்பு, மாடு, அண்டா, குண்டான் என்று எல்லாம் முடிந்து அவர் எழுந்து துண்டை உதறும்போதுதான் சென்னிமலை கேட்டார், “பேப்பரு?” அப்பா காலத்திலிருந்து பொள்ளாச்சி முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் தமிழ்ப் பேப்பர் அது. ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் மாமா. இருவருமே மறுத்துவிட்டார்கள். புதிதாக ஒன்று வாங்கினால் பழையதில் இருக்கும் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாதா?

தினப் பேப்பரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரித்தாயிற்று. ஞாயிறு இணைப்புத்தான் சிக்கல். இருவருக்கும் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே குறுக்கெழுத்தில் பைத்தியம். சின்னையன் மாமா பசியில் இருந்தார். உள்ளே கோழி வெந்துகொண்டிருந்தது. “கட்டத்தையும் கிணத்தாட்டமே வெச்சுக்கங்க மாப்ளே,” என்றார். “படுக்கைல வர்றது பெரியவனுக்கு, நெட்டுக்குத்தா வர்றது சின்னவனுக்கு. ரெண்டும் முட்டிக்கற கட்டம் பொது. பொதுக் கட்டத்துல யாரு மொதல்ல எழுதறாங்களோ, அத அடுத்தவன் அழிக்கப்படாது.” இப்படித்தான் ஒரு கோழிக்குழம்பின் அவசரத்தில் அந்தச் சட்டம் பிறந்தது.

அன்று முதல் ஞாயிறு மத்தியானம் வரை இணைப்பு சென்னிமலையிடம் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு மருதாத்தாள் சுவருக்கு மேலே நீட்டுவாள், கற்பகம் வாங்குவாள். ஆறுச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வேலையாக அண்ணன் பாதியின் குறிப்புகள் அச்சான பத்தியை மடித்து உள்ளே தள்ளிவிடுவார். கட்டத்தில் அண்ணன் எழுதிய விடைகள் கண்ணில் படும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் என்ன கேள்விக்கு அந்த விடை என்று பார்ப்பது அடுத்தவன் தோப்பில் தேங்காய் பொறுக்குவதற்குச் சமம். எலப்புள்ளியில் கட்டிக்கொடுத்த மகள் நர்மதா ஒருமுறை வந்திருந்தபோது, “அப்பா, போன்ல தேடுனா எல்லாமே வந்துருமே” என்றாள். “அப்படித் தேடுனா உங்க பெரியப்பனோட பாதியுமல்ல சேந்து வந்துரும்?” என்று போனை அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்தக் குறுக்கெழுத்து வாரம் ஒரு பொருளைப் பற்றி வரும். ஒரு வாரம் பறவைகள், ஒரு வாரம் எரிமலை, ஒரு வாரம் தூக்கம். அதனால் இருவருக்கும் உலக விஷயம் நிறையத் தெரிந்துபோயிற்று. ஆனால் ஆளுக்குப் பாதிதான் தெரியும். தூக்கம் வந்த வாரம் செக்போஸ்ட் பக்கத்தில் இருக்கும் ஜோபியின் டீக்கடையில் நடந்ததைச் சொன்னால் போதும். கடையில் இரண்டு பெஞ்சுகள். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. இது யாரும் பிரித்துக் கொடுத்ததல்ல, தானாகவே அமைந்தது.

“ஏதோ ஒரு ஜீவன் தூங்கறப்ப ஒத்தைக் கண்ண மட்டும் தொறந்தே வெச்சுக்குதாம் ஜோபி,” என்றார் ஆறுச்சாமி.

“எந்தா ஜீவன் சேட்டா?”

“அது எனக்குத் தெரியாது. அது என்ர பாதியில இல்ல.”

அடுத்த பெஞ்சில் சென்னிமலை, லாரிக்காரர் ஒருவரைப் பார்த்து, “டால்பின்னு இருக்குதுங்களே, அது பாதி மூளையத் தூங்க உட்டுட்டு மீதிப் பாதியோட முழிச்சுட்டு இருக்குமாம். கண்ணப் பத்தியெல்லாம் நமக்குத் தெரியாதுங்க,” என்றார். நடுவில் டீ ஆற்றிக்கொண்டு நின்ற ஜோபிக்குத்தான் விஷயம் முழுசாகக் கிடைத்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போன லாரிக்காரர்கள் பாதி விஷயத்தோடு திருச்சூர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏழு வருஷம் இப்படிப் போனது. ஆறுச்சாமி வெளியே சொல்லமாட்டார், ஆனால் அண்ணன் கையெழுத்தோடு வரும் கட்டத்தைப் பார்ப்பதற்காகவே அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அண்ணனின் ‘க’ கொஞ்சம் முதுகு வளைந்திருக்கும். அதைப் பார்த்ததும் சாப்பிட்டது செரித்த மாதிரி இருக்கும் அவருக்கு.

போன மாசியில்தான் கோளாறு தொடங்கியது. அந்த வாரப் பொருள் கடல்வாழ் உயிரினங்கள். மேலே பெரிதாக ஒரு மீன் படம். ஆறுச்சாமி தன் முதல் குறிப்பைப் படித்து, ‘ஆமை’ என்று எழுதப் போனார். எழுத முடியவில்லை. ‘ஆ’ வரவேண்டிய பொதுக் கட்டத்தில் ‘எ’ உட்கார்ந்திருந்தது. என்ன வார்த்தை என்று படுக்கைவாட்டில் படித்தார். எருமைமாடு. கடலில் ஏது எருமைமாடு? கீழே பார்த்தார். பருத்திக்கொட்டை. அதற்கும் கீழே, கொத்தமல்லி.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஏழு வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். மடித்த பத்தியைப் பிரித்து அண்ணன் குறிப்புகளைப் படித்தார். மூன்று இதயம் கொண்ட கடல் உயிரினம், ஐந்து எழுத்து. ஆக்டோபஸ் என்று வரவேண்டிய இடம். அண்ணன் போட்டிருப்பது எருமைமாடு. மூளையே இல்லாத கடல் உயிரினம், எட்டு எழுத்து. நட்சத்திரமீனுக்குப் பதில் பருத்திக்கொட்டை. ஆண் வயிற்றில் சுமந்து குட்டி போடும் உயிரினம், ஆறு எழுத்து. கடல்குதிரை இருக்கவேண்டிய இடத்தில் கொத்தமல்லி. எழுத்துக் கணக்கு ஒவ்வொன்றிலும் அச்சாகப் பொருந்தியிருந்தது. அதுதான் ஆறுச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வேணும்னே பண்றாரு,” என்றார் கற்பகத்திடம். “என்ர பாதி வெளங்கக் கூடாதுன்னு அவர்ர பாதியில எருமைய ஓட்டி உடறாரு.”

“ஏனுங்க, கட்டம்தானுங்களே, உட்டுத்தள்ளுங்க,” என்றாள் கற்பகம்.

“இன்னிக்குக் கட்டம்பே, நாளைக்குக் கெணறும்பே.”

அடுத்த வாரப் பொருள் விண்வெளி. சனிக்கிரகத்தின் இடத்தில் அண்ணன் ஏதோ தீவனத்தின் பெயரை எழுதியிருந்தார். அதற்கடுத்த வாரம் நாட்டுத் தலைநகரங்கள். அதில் பாதி ஊர்கள் மாட்டு வைத்தியம் சம்பந்தப்பட்டவையாக இருந்தன. ஆறுச்சாமியால் ஒரு விடையும் முழுதாக எழுத முடியவில்லை. டீக்கடைப் பெஞ்சில் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த பெஞ்சில் சென்னிமலையும் இப்போது எதுவும் சொல்வதில்லை. ஜோபிதான் தவித்துப்போனான். பார்சல் வாங்க வருகிறவர்கள் இந்த வாரம் என்ன என்று கேட்டால் சொல்ல அவனிடம் சரக்கு இல்லை.

கடைசியில் சின்னையன் மாமாவுக்குப் போன் போனது. அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். களத்தில் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். ஆறுச்சாமி மாமாவிடம் மட்டும் பேசினார், சென்னிமலையும் மாமாவிடம் மட்டும் பேசினார். மாமா நடுவில் தலையைத் திருப்பித் திருப்பி வியர்த்துப்போனார்.

“மூணு இதயம் இருக்கறது என்னன்னு கேட்டிருக்கறானுங்க மாமா. அதுக்கு எருமைமாடுன்னு எழுதி வெச்சா அந்தக் கட்டத்துல நான் என்னத்தப் போடறது?” என்றார் ஆறுச்சாமி.

சென்னிமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். “மாமா, ஒரு நிமிசம். என்ர பாதியில மூணு இதயம்னு கேட்டது இவனுக்கு எப்படித் தெரியும்?”

சுவரோரம் நின்ற கற்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“படிச்சிருக்கறான்!” என்றார் சென்னிமலை. “என்ர குறிப்பத் தொறந்து படிச்சிருக்கறான். இது வரப்பத் தாண்டறதா இல்லியா? என்ர கட்டத்துல நான் என்னத்த வேணும்னாலும் நடுவேன். தென்னையும் நடுவேன், எருக்கஞ்செடியும் நடுவேன். கேக்கறதுக்கு ஆருக்கு உரிமை? இங்க பாருங்க மாமா, இது என்ர பாதி.” கையில் இருந்த பேப்பரைப் பிரித்து, விரலை ஊன்றி, “இது என்ர பாதி, இது என்ர பாதி,” என்று ஒவ்வொன்றாகக் குத்திக் காட்டினார்.

மாமாவுக்குக் கண்ணாடி இல்லை. மங்கலாகப் பார்த்துவிட்டு, “ஆமா, உன்ர பாதிதான்,” என்றார்.

ஆறுச்சாமி பார்த்தார். அண்ணன் விரல் ஊன்றியிருந்த இடத்தில் குறுக்கெழுத்தே இல்லை. அது கடைசிப் பக்கம். முழுப் பக்க நகைக்கடை விளம்பரம். கழுத்து நிறைய நகை போட்ட ஒரு பெண்ணின் மூக்கிலும் காதிலும் நெற்றியிலும் குத்திக் குத்தி, இது என்ர பாதி என்று அண்ணன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறுச்சாமிக்கு அண்ணன் சமீப காலமாக டிவிஎஸ் மொபெட்டை எடுக்காமல், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று செக்போஸ்ட் வரை நடந்து போவது ஞாபகம் வந்தது. போன வாரம் நின்றுகொண்டிருந்த பால்வண்டியைப் பார்த்து, “வாங்க, எப்ப வந்தீங்க?” என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. அப்போது அதைத் தன்னைச் சீண்டுவதற்காகச் செய்வதாகத்தான் நினைத்திருந்தார். அண்ணனுக்குக் கண் தெரியவில்லை. குறிப்பைப் படிக்க முடியவில்லை. கருப்பு வெள்ளைக் கட்டங்கள் மட்டும் கலங்கலாகத் தெரிகின்றன போலிருக்கிறது. எத்தனை கட்டம் என்று எண்ணி, அதற்குப் பொருந்துகிற வார்த்தையாக வாய்க்கு வந்ததைப் போட்டிருக்கிறார்.

அதை அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் வழக்கு ஆறுச்சாமி பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. மடித்த பத்தியை இனிமேல் பிரிக்கமாட்டேன் என்று மாமாவிடம் ஒப்புக்கொண்டு, தோற்றுப்போய் எழுந்து வந்தார். சின்னையன் மாமா இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

பொதுக் கிணற்றுக்கு வருவோம். கைப்பிடிச் சுவரில் ஆளுக்குப் பாதி கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறுச்சாமி தன் பாதியை அரைவட்டமாக அப்போதே கட்டிவிட்டார். சென்னிமலை கல் கொண்டுவந்து இறக்கியதோடு சரி. தம்பி கட்டிய மாதிரியே தானும் கட்டினால் அவனைப் பார்த்துக் காப்பி அடித்ததாக ஊர் பேசும் என்று விட்டுவிட்டார். மோட்டார் ரூம் அந்தச் சுவரில்லாத பக்கத்தில்தான் இருக்கிறது. அண்ணனின் முறை வரும் நாளில் விடியற்காலையில் அவர் தனியாகப் போய் சுவிட்சைப் போட வேண்டும். அன்றிலிருந்து ஆறுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

கற்பகத்தின் மூலமாக விசாரித்தார். மருதாத்தாள் சுவருக்கு அந்தப் பக்கம் அழுதாளாம். “எனக்குத் தெரியாதா புள்ளே? உப்புக்கும் சர்க்கரைக்கும் தொட்டு நக்கிப் பாத்துத்தான் வித்தியாசம் சொல்றாரு. ஆஸ்பத்திரின்னா எரிஞ்சு உழுகறாரு. சுவருக்கு அந்தப் பக்கம் சேதி போச்சுன்னா சாப்பிடமாட்டேங்கறாரு. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா மாமன் முழுக் கட்டத்தையும் சின்னவனுக்கே எழுதி வெச்சுருவாராம்.”

ஆறுச்சாமி தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில், அந்த வாரம் கட்டத்தில் வராததை எல்லாம் வந்ததாகச் சொன்னார். “நெருப்புக்கோழியோட கண்ணு அதோட மூளைய உடப் பெருசாம் ஜோபி. ஆந்தையால கண்ண உருட்டவே முடியாதாம், கழுத்தத்தான் திருப்பணும். கண்ணுதான் பாருங்க எல்லாத்துக்கும் முக்கியம். இப்பெல்லாம் ஆப்பரேசன் பண்ணா மறுநாளே ஊட்டுக்கு அனுப்பிச்சுடறாங்களாம்.”

“நெருப்புக்கோழிக்கா?” என்றான் ஜோபி.

அடுத்த பெஞ்சிலிருந்து சென்னிமலை வானத்தைப் பார்த்து, “கண்ணு பெருசா இருந்து என்ன பண்றது, மூளை இருக்கோணுமல்ல,” என்றார். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஆறுச்சாமி பாதி டீயிலேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் அண்ணன் பக்கத்துக் கிணற்று ஓரத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவைத்தார். கால் வைத்தால் குத்தட்டும், குத்தினால் நிற்பாரே என்று. மருதாத்தாளை விட்டு அதை அள்ளி ஆறுச்சாமி பக்கமே போடவைத்தார் சென்னிமலை. என்ர பாகத்துல அவன்ர முள்ளா? அதற்குப் பிறகு ஆறுச்சாமிக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணனின் முறை நாட்களில் விடியுமுன் எழுந்து போய், கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் தென்னைமரத்தின் பின்னால் நின்று காவல் காக்கத் தொடங்கினார்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். லேசாக வெளுத்திருந்தது. சென்னிமலை கையில் குச்சியோடு வந்தார். வழக்கமாக வரும் வழிதான், காலுக்குப் பழகிய வழி. ஆனால் அன்று மருதாத்தாள் வழியில் ஒரு காலிக் குடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் இடறி, சமாளித்து, திரும்பி நின்றார். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பது ஆறுச்சாமிக்கு நன்றாகத் தெரிந்தது. பதற்றத்தில் இவர் கால் ஒரு காய்ந்த மட்டையை மிதித்துவிட்டது.

“ஆரது?” என்றார் சென்னிமலை.

பதில் சொன்னால் பேசியதாகிவிடும். சொல்லாவிட்டால் தேடிக்கொண்டு வருவார். ஐம்பத்தாறு வயது ஆறுச்சாமி, தோப்பும் துரவும் உள்ள மனிதர், எலப்புள்ளியில் சம்பந்தம் செய்தவர், மரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டு, “ம்மே...” என்றார்.

“ஆரு ஊட்டு ஆடுடா என்ர பாகத்துல மேயறது?”

கிணற்றை விட்டு விலக்கி இந்தப் பக்கம் இழுத்துவிடலாம் என்று ஆறுச்சாமி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் கத்தினார். அங்கேதான் தப்பு நடந்தது. அந்தச் சத்தம் கிணற்றுக்குள் இறங்கி, அங்கிருந்து எதிரொலித்து மேலே வந்தது. அண்ணன் காதுக்கு ஆடு கிணற்றுப் பக்கம் நிற்பதாகவே பட்டிருக்கும். குச்சியை ஓங்கிக்கொண்டு, “இரு, உன்னைய...” என்று விறுவிறுவென்று சுவரில்லாத பக்கமாக நடந்தார்.

“அண்ணா! நில்லுங்ணா!”

சென்னிமலை நின்றார். ஓங்கிய குச்சி அப்படியே நின்றது. முன்னங்காலுக்கு அடுத்து மண் சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு பேருமே அதைக் கேட்டார்கள். ஆறுச்சாமி கிணற்றைச் சுற்றி ஓடிவந்து அண்ணனின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தார். இருவரும் கல் குவியலின் மேல் உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்கியது.

சென்னிமலை சொன்னார், “ஏழு வருசம் கழிச்சுப் பேசறதுக்கு ஆடாட்டம் கத்தித்தான் ஆரம்பிக்கோணுமாடா?”

ஆறுச்சாமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினார்.

“என்ர கண்ணப் பத்தி எப்பத் தெரியும்?”

“மாமன் வந்தாரே, அன்னிக்கு. நகைக்கடைப் புள்ளையக் காட்டி என்ர பாதீன்னீங்க.”

“அங்கியே சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பியேடா.”

ஆறுச்சாமி ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார். “கண்ணு தெரியாத மனுசன் எதுக்குங்ணா எருமையும் பருத்திக்கொட்டையும் போட்டு ரொப்புனீங்க? வெறுசாவே உட்டிருக்கலாமல்ல?”

சென்னிமலை குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். “வெறுசா உட்டா, எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நீ பயந்துக்குவியல்ல,” என்றார்.

தோப்பில் மோட்டார் போடாமலே அன்றைய முறை கழிந்தது. தம்பி அதைத் தன் முறையாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார் சென்னிமலை, ஆனால் நிபந்தனைகளோடு. ஊருக்குத் தெரியக் கூடாது. மாமாவுக்குத் தெரியவே கூடாது. அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவருடைய கட்டங்களில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆறுச்சாமி எல்லாவற்றுக்கும் சரிங்ணா, சரிங்ணா என்றார். எலப்புள்ளிக்கு நர்மதா வீட்டுக்கு என்று ஊரில் சொல்லிவிட்டு இருவரும் கோயம்புத்தூர் பஸ் ஏறினார்கள். ஜோபி இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவதைப் பார்த்துவிட்டு, கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தரையில் ஊற்றிவிட்டான்.

கண்ணாஸ்பத்திரியில் பரிசோதனை செய்யும் பெண், சுவரில் வரிசை வரிசையாக எழுத்து மாட்டியிருந்த பலகையைக் காட்டி, மூன்றாவது வரிசையைப் படிக்கச் சொன்னாள். சென்னிமலை கழுத்தை நீட்டிப் பார்த்தார். தோற்றுப் பழக்கமில்லாத மனிதர்.

“எத்தன எழுத்துன்னு மட்டும் சொல்லும்மா, போட்டுத் தர்றேன்,” என்றார்.

அந்தப் பெண் ஆறுச்சாமியைப் பார்த்தாள். ஆறுச்சாமி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இத்தனை நாள் எப்படி நடமாடினார் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். முதலில் வலது கண், ஒரு மாதம் கழித்து இடது கண் என்று முடிவானது. சனிக்கிழமை ஆப்பரேஷன். கூட இருக்கும் ஆள் இரவு தங்க வேண்டும் என்றார்கள். ஆறுச்சாமி பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்தார். தூங்கினாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே போய் பேப்பர் வாங்கி வந்தார். அவர் வாழ்நாளில் தனியாக வாங்கிய முதல் பேப்பர் அதுதான். இணைப்பை எடுத்துப் பிரித்து, அண்ணன் பாதிக் குறிப்புகளை மடித்தார். பிறகு, மடித்தது யாருக்காக என்று தோன்றி, மறுபடியும் பிரித்தார். அந்த வாரப் பொருள் கூட என்னவென்று பார்க்கத் தோன்றவில்லை. கட்டம் வெறுமையாக இருந்தது. ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

டின்சி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ் வந்து, சென்னிமலையின் கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மெல்ல உரித்தாள். சொட்டு மருந்து விட்டாள். “மெல்லத் தொறங்க தாத்தா. அவசரம் வேண்டாம்.”

சென்னிமலை திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். நீர் வழிந்தது.

“எதாச்சும் படிக்கக் குடுங்க, பாப்போம்,” என்றாள் டின்சி. ஆறுச்சாமி அவசரமாக இணைப்பைப் பிரித்து அண்ணன் முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“தெரியுதுங்களாண்ணா?”

சென்னிமலை கையை நீட்டி, பேப்பரின் மேல் விளிம்பைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கினார். அதற்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மறுபடியும் தலையைப் பார்த்தார்.

“ஏன்டா ஆறு,” என்றார், “எப்படா நீ இப்படி நரைச்சே?”

அண்ணன் மடியில் விழுந்த பேப்பரை எடுக்க ஆறுச்சாமிக்குத் தோன்றவில்லை. அண்ணன் பார்த்து முடிக்கட்டும் என்று தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றார்.